கதாநாயகிக்கு என்ன வேலை?



ஒரு சின்னப் பரீட்சையோடு ஆரம்பிக்கிறேன். பயப்பட வேண்டாம், இதில் அரியர் கிடையாது. நீங்கள் கடைசியாகப் படித்த ஒரு தொடர்கதையையோ நாவலையோ நினைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான்? சட்டென்று சொல்லிவிடுவீர்கள். வக்கீல், போலீஸ் அதிகாரி, வேலை கிடைக்காமல் அலைகிற பட்டதாரி. சரி, கதாநாயகி என்ன வேலை பார்க்கிறாள்? மாதச் சம்பளம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுக்கிறாள்? அவளுக்கு யார் மேல் கோபம்? இங்கேதான் பேனா நின்றுவிடும். அவள் கண் எப்படி இருக்கும் என்று தெரியும். புடவை என்ன கலர் என்று தெரியும். மூன்றாம் அத்தியாயத்தில் அழுதாள் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது!

இது உங்கள் ஞாபக மறதி இல்லை. எழுதியவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை? சொன்னவர்கள் எப்படிச் சொன்னார்கள்? தமிழில் ஆண் எழுத்தாளர்கள் பெண் பாத்திரங்களை எழுதிய விதத்தை, நான் படித்த கதைகளை வைத்துக்கொண்டு விளக்கப் பார்க்கிறேன்.

மூன்று பேட்டர்ன்

பவுண்டரி ஷாப்பில் ஒரு பேட்டர்ன் இருந்தால் போதும், மணலில் பதித்துப் பதித்து எத்தனை வார்ப்பு வேண்டுமானாலும் ஊற்றலாம். நம் கதைகளிலும் பெண்ணுக்கென்று மூன்று பேட்டர்ன் தயாராக இருக்கிறது.

முதலாவது, தேவதை. மல்லிகைப் பூ, கொலுசுச் சத்தம், குனிந்த தலை. கதை முடிகிறபோது கதாநாயகனுக்குக் கிடைப்பாள். இரண்டாவது, தியாகி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவாள், கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இருமுவாள், செத்துப்போவாள். மூன்றாவது, மோகினி. சிகரெட் பிடிப்பாள் அல்லது இங்கிலீஷ் பேசுவாள். நல்ல பையனைக் கெடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

மூன்றும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் ஊற்றிய உலோகம் ஒன்றுதான். தேவதை அவனுக்குப் பரிசு. தியாகி அவனுக்குப் பாடம். மோகினி அவனுக்குச் சோதனை. எதிலுமே அவளுக்கென்று ஒரு காரியம் கிடையாது.

இதற்கு எழுத்தாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. உச்சி முதல் பாதம் வரை வரிசையாக வர்ணிப்பதற்கு நம் பழைய இலக்கியத்திலேயே கேசாதிபாதம் என்று ஒரு வகை உண்டு. கீழிருந்து மேலே போனால் பாதாதிகேசம். அந்தப் பழக்கம் உரைநடைக்கும் அப்படியே வந்தது. பிறகு வாரப் பத்திரிகைத் தொடர்கள் வந்தன. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் வாசகரைத் தொங்கவிட வேண்டுமே! அதற்குச் சுலபமான வழி கதாநாயகியை ஆபத்தில் மாட்டிவிடுவது. அடுத்த வாரம் வரை அவள் பாட்டுக்கு அலறிக்கொண்டே இருப்பாள்.

ஃப்ரண்ட் வியூ மட்டும் போதுமா?

முதல் வருஷம் நாம் எல்லோரும் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அந்த இன்ஜினியரிங் டிராயிங் பாடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஃப்ரண்ட் வியூவில் ஒரு வட்டம் தெரிகிறது. அது உருளையா, கூம்பா, பந்தா? அந்த ஒரு வியூவை வைத்துச் சொல்ல முடியாது. டாப் வியூ வேண்டும், சைடு வியூ வேண்டும். அதையும் தாண்டி, கண்ணுக்கு மறைந்திருக்கிற விளிம்பை விட்டுவிட்டுக் கோடு கோடாக ஹிட்டன் லைன் போட வேண்டும். தெரியவில்லை என்பதற்காகப் போடாமல் விட்டால் மார்க் போச்சு.

ஆண் எழுத்தாளருக்குப் பெண்ணின் ஃப்ரண்ட் வியூ நன்றாகத் தெரியும். அவர் எதிரில் நிற்கும்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரியும். அவர் இல்லாத இடத்தில்? சிநேகிதிகளோடு இருக்கும்போது, கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ரேஷனுக்குப் பணம் பிரிக்கும்போது, கூட்டமான பஸ்ஸில் பின்னால் நிற்பவனைத் திரும்பி முறைக்கும்போது? அதெல்லாம் ஹிட்டன் லைன். நல்ல எழுத்தாளர் அதைப் போட்டுவிடுகிறார். மற்றவர் ஃப்ரண்ட் வியூவுக்கே நாலு கலர் ஷேடு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆரம்பத்திலேயே நன்றாகத்தான் இருந்தது

ஆச்சரியமான விஷயம், தமிழ் நாவல் பிறந்தபோது இவ்வளவு மோசமில்லை. முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர், பெண்கல்விக்காகப் 'பெண்மதி மாலை' எழுதியவர். அவருடைய கதாநாயகி ஞானாம்பாள் புருஷனைவிடக் கெட்டிக்காரி. விக்கிரமபுரி என்ற ராஜ்ஜியத்தையே ஆள்கிறாள். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆண் வேஷம் போட்டுக்கொண்டுதான் ஆள்கிறாள்! பெண்ணுக்கு மூளை உண்டு என்று 1879இல் சொல்லிவிட முடிந்தது. சேலையோடு சிம்மாசனத்தில் உட்கார வைக்கத்தான் முடியவில்லை.

அடுத்து, அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி', 1903. விதவையான ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வதாக எழுதப்பட்ட நாவல். 'அவள்' என்று தூரத்தில் நிற்காமல் 'நான்' என்று உள்ளே போய்விட்டார் மாதவையா. உள்ளே போனால் வர்ணனைக்கு இடமில்லை. தன் கண் மான்விழி என்று எந்தப் பெண்ணும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில்லையே! மாமியார் வீட்டில் பட்டது, படிக்க ஆசைப்பட்டது, இவைதான் மிஞ்சும். பார்க்கிற இடத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதற்கு இது சாட்சி.

கோபம் கொண்ட அகலிகை

புதுமைப்பித்தன் இன்னும் ஒரு படி போனார். 1934இல் வந்த 'பொன்னகரம்' கதையில் வருகிற அம்மாளு மில் கூலிக்காரி. புருஷன் ஜட்கா ஓட்டுகிறவன், அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். கையில் காசில்லை. அதற்காக அவள் ஒரு சந்துக்குள் போகிறாள். மற்றவர்கள் எழுதியிருந்தால் இந்த இடத்தில் நாலு பக்கம் கண்ணீர் ஓடியிருக்கும். புதுமைப்பித்தன் முக்கால் ரூபாய் என்று தொகையைச் சொல்லிவிட்டு, கற்பு கற்பு என்று பேசுகிற நம்மைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். அவள் மேல் பரிதாபம் வருவதற்கு முன்னால் நம் மேல் நமக்கு வெட்கம் வருகிறது.

'சாபவிமோசனம்' 1943இல் வந்தது. ராமன் பாதம் பட்டுக் கல் பெண்ணான அகலிகை கதை நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று இவர் யோசித்தார். தன்னை மன்னித்த அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்டதும், அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். முதல் தடவை கல்லானது ரிஷி கொடுத்த சாபம். இரண்டாம் தடவை அவள் மனசு எடுத்த முடிவு. அவளுக்கென்று ஒரு நியாய உணர்ச்சி இருக்கிறது. அது கடவுளையே கேள்வி கேட்கிறது.

மயங்கி விழுகிறவளும் படகு ஓட்டுகிறவளும்

நம்மில் பாதிப் பேருக்குப் பிடித்த 'பொன்னியின் செல்வன்' (1950–1954) நாவலை எடுத்துக்கொள்வோம். கல்கி ஒரே கதையில் இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டுகிறார். வானதி அடிக்கடி மயங்கி விழுகிறாள். பூங்குழலி கோடிக்கரையில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு கடலுக்குள் போகிறாள். பூங்குழலி ஏன் மனசில் நிற்கிறாள்? அவளுக்குத் தொழில் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அலை எப்போது புரளும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிற வீரனுக்குத் தெரியாது. வேலை தெரிந்தவள் பேசினால் பேச்சே வேறு மாதிரி வருகிறது. கல்கியும் வானதியை மயக்கத்திலேயே விட்டுவிடவில்லை. சிங்காதனத்தில் உட்காரமாட்டேன் என்று அவள் சபதம் செய்கிற இடத்தில்தான் முதன்முதலாக எழுந்து நிற்கிறாள்.

ஒரு மழை நாள், இரண்டு அம்மாக்கள்

இந்த விஷயத்தில் தமிழில் நடந்த பெரிய பரிசோதனை ஜெயகாந்தனுடையது. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் நனைந்து நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, காரில் வந்தவன் கூப்பிட்டு ஏறுகிறாள். அவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா ஊரைக் கூட்டவில்லை. மகள் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்களிடம் பெரிய கொந்தளிப்பு! அது எப்படி ஒரு தாய் மன்னிக்கலாம் என்று சண்டைக்கு வந்தார்கள்.

ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? சரி, நீங்கள் சொல்கிற மாதிரியே அம்மா கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972ஆம் வருஷத்துக்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது. 1977இல் லட்சுமி நடித்துப் படமாகவும் வந்தது.

சிறுகதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கூடக் கிடையாது. நாவலில் அவள் கங்கா. படித்து, டெலிபோன் இலாகாவில் உத்தியோகம் பார்க்கிறாள். தன் சொந்த அனுபவம் போலவே இருக்கிற ஒரு கதையை, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதைப் பத்திரிகையில் படிக்கிறாள்! ஆண் எழுதிய பெண், ஆண் எழுதிய பெண்ணைப் படித்து யோசிக்கிறாள். இப்படி ஒரு அமைப்பு சாதாரண யோசனை இல்லை.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. தண்ணீர் ஊற்றிய அம்மா நல்லவள்தான். ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றால், அழுக்கு பட்டது அந்தப் பெண் மேல் என்றுதானே அர்த்தம்? காரில் வந்தவன் தலையில் யாரும் ஒரு சொம்பு கூட ஊற்றவில்லையே! அந்தக் கருணைக்குள்ளேயும் பழைய கணக்குதான் இருக்கிறது. அது அந்த அம்மாவின் கணக்கு என்று சொல்லலாம், கதையின் கணக்கு இல்லை என்று வாதாடலாம். அப்படி வாதாட இடம் வைத்ததால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மகன் பார்த்த அம்மா

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வந்தது. அலங்காரத்தம்மாள் புருஷன் இருக்க வேறொருவரோடு உறவு வைத்திருக்கிறாள். வேத பாடசாலையில் படித்துவிட்டு வீடு திரும்புகிற மகன் அப்பு அதைத் தெரிந்துகொள்கிறான். தி.ஜா. அவளை மோகினி ஆக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. அது பெரிய தைரியம். ஆனால் நாம் அவளைப் பார்ப்பது பெரும்பாலும் அப்பு நிற்கிற இடத்திலிருந்துதான். அவள் கம்பீரம் தெரிகிறது, பாரம் தெரிகிறது; அவள் பக்கத்துக் காரணம் முழுசாகத் தெரிவதில்லை. பின்னாளில் 'மரப்பசு' (1975) நாவலில் அம்மணியை 'நான்' என்றே பேச விட்டார். இருந்தும் என் அபிப்பிராயத்தில் அலங்காரத்தம்மாள்தான் நிஜமான பெண்ணாகத் தெரிகிறாள். அம்மணி பேசும்போது சில இடங்களில் ஆசிரியர் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ஆக, 'நான்' என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது!

குடமும் ஆட்டோவும்

அப்படியானால் வேறு என்ன வேண்டும்? அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) படியுங்கள். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. குடம், பக்கெட், பம்பு, வரிசை, சண்டை. சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனா மனசு உடைந்து கிடக்கிறபோது டீச்சரம்மா உபதேசம் செய்வதில்லை. தன் வீட்டுக் கஷ்டத்தையே காட்டிவிடுகிறாள். ஒரு பெண்ணை இன்னொரு பெண் தூக்கி நிறுத்துகிறாள். காப்பாற்ற எந்த வீரனும் மோட்டார் பைக்கில் வரவில்லை.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் ஆரோக்கியம் ஊருக்குத் துணி வெளுத்து, சோறும் தானியமும் கூலியாக வாங்கிக் குடும்பம் நடத்துகிறாள். எந்த வீட்டில் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு குறைத்தார்கள் என்பதுதான் அவள் கவலை. அந்தக் கணக்கு வழியாகவே அவளை நமக்குத் தெரிந்துவிடுகிறது. சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய 'செல்லாத பணம்' நம் வயசுக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. ரேவதி இன்ஜினியரிங் படித்தவள்; ஆட்டோ ஓட்டுகிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள்; தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வாசலில் எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் பேசுவதுதான் குறைச்சல். பெண்ணைப் பற்றி எல்லோரும் பேசி, பெண் மட்டும் பேசாமல் இருப்பது எவ்வளவு பயங்கரம் என்பதையே கதையாக்கிவிட்டார்.

நம் ஆள் சுஜாதாவை விட்டுவிட முடியுமா? பெண் பெயரில் எழுதிய இன்ஜினியர். அது மனைவியின் பெயர். 'என் இனிய இயந்திரா' நாவலில் நிலா என்ற பெண்ணை நடுவில் வைத்தார், அதுவும் 2020களில் நடக்கிற கதையில். நல்ல விஷயம்தான். ஆனால் அதிலும் மூளையை உபயோகிக்கிற வேலையில் முக்கால்வாசியை ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிதான் செய்கிறது. எனக்கும் ஜீனோவைப் பிடிக்கும். இருந்தாலும், நிலாவுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே சார்!

அப்படியென்றால் ஆண்கள் எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், தொழிலாளர்களோடு பேசி, 'கரிப்பு மணிகள்' (1979) எழுதினார். அதில் ஆண்களும் உயிரோடு இருக்கிறார்கள். போய்ப் பார்த்தார், கேட்டார், எழுதினார். அதே வழி ஆண்களுக்கும் திறந்துதான் இருக்கிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைச் சிவில் பசங்க படிக்க வேண்டும். பிளானில் ஒரு மூலையில் சதுரமாகப் போட்டுவிட்டுப் போகிற அறைக்குள் ஒரு ஆயுசே கழிகிறது என்று புரியும்.

நம் மலருக்குக் கதை எழுதப்போகிறவர்களுக்குச் சில சோதனைகள் சொல்கிறேன்.

ஒன்று: கதாநாயகன் கண்ணில் படாமல் அவளுடைய ஒரு நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கதையில் சேர்க்க வேண்டாம். எழுத முடியவில்லை என்றால் அவளை உங்களுக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம்.

இரண்டு: அமெரிக்க கார்ட்டூன் ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் ஒரு கார்ட்டூனில் சினிமாவுக்குச் சொன்ன சோதனை. குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கிறார்களா? ஒருத்தியோடு ஒருத்தி பேசுகிறார்களா? ஆணைத் தவிர வேறு விஷயம் பேசுகிறார்களா?

மூன்று: அவளைப் பற்றிய வர்ணனையை அப்படியே அவனுக்குப் போட்டுப் பாருங்கள். சிரிப்பு வந்தால் அடித்துவிடுங்கள்.

நான்கு: அவளுக்கு ஒரு கொடுமை நடக்கிறதா? அதற்குப் பிறகு கதை யாருடையது? அவன் பழிவாங்கக் கிளம்பிவிட்டு, அவள் போட்டோவாகச் சுவரில் தொங்கினால் மறுபடி யோசியுங்கள்.

ஐந்து: எழுதியதை ஒரு பெண்ணிடம் படிக்கக் கொடுங்கள். அக்காவோ வகுப்புத் தோழியோ யாராவது. அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இவையெல்லாம் கோ-நோகோ கேஜ் இல்லை. 'பொன்னகரம்' இரண்டாவது சோதனையில் ஜெயிக்காமல் போகலாம். அதனால் அது மட்டமான கதை ஆகிவிடாது. அளந்து பார்க்கிற பழக்கம் வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

"கதைதானே, இதற்குப் போய் இவ்வளவா?" என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். மெக்கானிக்கலில் எங்கள் பேட்சில் பெண்கள் நாலு பேர். இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்குப் போன ஒரு தொழிற்சாலையில் மெஷினை விளக்கியவர் கடைசிவரை பசங்க முகத்தைப் பார்த்தே பேசினார். முடிக்கும்போது எங்களைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கெல்லாம் ஆபீஸ் சைடுலயே வேலை கிடைச்சிடும்மா" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் படித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் எந்தப் பெண்ணும் லேத் முன்னால் நின்றதில்லை. தெரியாத ஒன்றை அவர் எப்படிப் பார்ப்பார்? நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசராக, சைட் இன்ஜினியராக உட்கார்ந்து, யாருக்கு எந்த வேலை என்று எழுதப்போகிறோம். அன்றைக்கு நம் மனசில் எந்தப் பேட்டர்ன் இருக்கிறதோ, அதைத்தான் அந்தப் பட்டியலிலும் ஊற்றுவோம்.

ஆகவே எழுதுங்கள் நண்பர்களே! அவளுக்கு ஒரு பெயர் கொடுங்கள், ஒரு தொழில் கொடுங்கள், நியாயமான ஒரு கோபம் கொடுங்கள். பிறகு கதையை அவள் இழுத்துக்கொண்டு போவாள். கண்ணின் அழகை வாசகரே கற்பனை செய்துகொள்வார்.